என் ஃபோல்டரில் இருந்த ஆமை

இந்த வருடம் கணினி ஆசிரியர்களாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, சாதித்த கதைகளைச் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். நான் அந்தக் கூட்டத்தில் சேர மாட்டேன். சேலையூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் இருபத்தாறு வருடம் கணினி அறையைக் கட்டி மேய்த்தவள் நான். அதில் நன்றாகச் செய்ததெல்லாம் பெரும்பாலும் மறந்துபோய்விட்டது. கெடுத்தவை மட்டும் நேற்று நடந்தது போல் நினைவில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைச் சொல்கிறேன். படித்துவிட்டு, "இந்த அம்மாவுக்கு இதுகூடவா தெரியாது?" என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். பிள்ளைகளுக்கு வருடா வருடம் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

எட்டாம் வகுப்பில் பைத்தான் என்ற கணினி மொழியை எதில் ஆரம்பிப்போம் என்று உங்களுக்குத் தெரியும். ஆமையில்தான். திரையின் நடுவில் ஒரு சின்ன அம்புத்தலை நிற்கும். அதுதான் ஆமை. நூறு அடி முன்னால் போ என்று எழுதினால் போகும், போன வழியில் கோடு விழும். வலது பக்கம் தொண்ணூறு டிகிரி திரும்பு என்றால் திரும்பும். இதையே நான்கு தடவை சொன்னால் ஒரு சதுரம் வந்துவிடும். பாடம் இவ்வளவுதான். ஆனால் முதல் சதுரம் விழும்போது பிள்ளைகள் போடும் கூச்சலைக் கேட்டு, அடுத்த அறையில் இருக்கும் கணக்கு மிஸ் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

இந்த ஆமைக்கு பைத்தானில் turtle என்று பெயர். புரோகிராமின் முதல் வரியிலேயே அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். இங்கேதான் ஒரு சிக்கல். நீங்கள் கூப்பிட்டதும் பைத்தான் முதலில் உங்கள் புரோகிராம் இருக்கும் ஃபோல்டருக்குள்தான் தேடும். அங்கே அதே பெயரில் வேறு ஒரு ஃபைல் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும். உண்மையான ஆமை வராது. வகுப்பில் நின்று "ரமேஷ்" என்று கூப்பிட்டால் முதல் பெஞ்சு ரமேஷ்தானே எழுந்து நிற்பான், அலுவலகத்தில் இருக்கும் ரமேஷ் சாருக்கு எப்படிக் கேட்கும்? அதனால் பலகையின் மேல் மூலையில் சிவப்பு மார்க்கரில் எழுதி வைத்திருப்பேன்: உங்கள் ஃபைலுக்கு turtle என்று பெயர் வைக்காதீர்கள். அப்படியும் வருடத்துக்கு இரண்டு பேராவது வைப்பார்கள். அவர்களுக்கு என்னிடம் நல்ல அர்ச்சனை நடக்கும்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் எங்கள் பிரிவில் ஓர் ஆசிரியர் இடம் காலியானது. இரண்டு பேரைக் கூப்பிட்டிருந்தோம். முதலில் நேர்காணல், பிறகு டெமோ கிளாஸ். உண்மையான பிள்ளைகளை உட்கார வைத்து அரைமணி நேரம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். முதல்வர் அன்று விடுப்பு. மதிப்பெண் போட பள்ளியின் தாளாளரும் நானும்தான். பாடத்தைப் பற்றி நான் என்ன சொல்கிறேனோ அதுதான் அவருக்கு வேதவாக்கு. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த அறையில் எனக்கு அவ்வளவு அதிகாரம் இருந்தது.

முதலில் வந்தது ஊரப்பாக்கத்திலிருந்து ஓர் இளம்பெண். பொறியியல் முடித்தவர், படபடவென்று ஆங்கிலம். இரண்டாவதாக வந்தவர் கஸ்தூரி. வயது முப்பத்தாறு, பனையூர்க் குப்பத்துக்காரர். பள்ளிப் படிப்போடு நின்று, கல்யாணமாகி, இரண்டாவது பிள்ளை பள்ளிக்குப் போன பிறகு தபால் வழியில் கணினிப் பட்டம் வாங்கியவர். மேடவாக்கம் வழியாக இரண்டு பஸ் மாறி, சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்.

நேர்காணலில் தாளாளர் கேட்டார்:

"ஃபேமிலி பத்தி சொல்லுங்கம்மா."

"அம்மா மீன் விக்கிறாங்க சார். வீட்டுக்காரர் போட்ல கூலிக்குப் போறாரு. ரெண்டு பசங்க. நான் ஒரு பிரவுசிங் சென்டர்ல அஞ்சு வருசமா வேலை செய்றேன். இந்த மாசத்தோட அத மூடுறாங்க."

"டீச்சிங் எதுக்கு வர்றீங்க?"

"சென்டருக்கு வர்ற பசங்களுக்கு நான்தான் சார் புராஜெக்ட்லாம் சொல்லிக் குடுத்துகினு இருக்கேன். அதையே வேலையா செஞ்சா இன்னான்னு..."

சொன்னவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "என்னன்னு தோணிச்சு சார்" என்று திருத்தினார். தாளாளர் என் பக்கம் திரும்பி லேசாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். முகத்தில் காட்டாமல் இருக்கத் தெரியாதவளா நான்?

வெளியே வரும்போது என்னிடம் தனியாக ஒன்று கேட்டார்.

"மேடம், டீச்சருங்க பசங்களுக்கு இங்கியே சீட் குடுப்பாங்கன்னு சொன்னாங்களே, நெஜமா? பொண்ணு அஞ்சாவது போறா. அங்க ஸ்கூல்ல கம்ப்யூட்டர் பொட்டிக்குள்ளயே கீதாம். தொறக்கவே இல்லையாம்."

"உண்டு. வேலை கிடைக்கட்டும், பார்க்கலாம்" என்றேன். அவருக்கு அந்த வேலை எவ்வளவு முக்கியம் என்பது எனக்குத் தெரியாது என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. அவரே சொல்லிவிட்டார்.

எங்கள் அறையில் வெளியார் பென்டிரைவைச் செருக விட மாட்டேன். வைரஸ் பயம். கஸ்தூரியின் பென்டிரைவை வாங்கி, சோதித்து, அவருடைய புரோகிராமை நானே என் பொது ஃபோல்டரில் போட்டேன். அந்த ஃபோல்டரை எல்லாக் கணினியிலிருந்தும் திறக்கலாம், ஓட்டலாம். அதில் எதையும் வைக்கவோ எடுக்கவோ மாற்றவோ என் ஒருத்தியால் மட்டும்தான் முடியும்.

"இது என் ஃபோல்டர். வேற யாரும் கை வைக்க முடியாது. பயப்படாம போங்க" என்று பெருமையாகச் சொன்னேன்.

"ஒரு தபா ஓட்டிப் பாத்துக்கட்டுமா மேடம்?"

மணி அடித்துவிட்டது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். "நேரம் இல்லம்மா. உங்க சிஸ்டத்துல ஓடிச்சு இல்ல? இங்கயும் ஓடும்" என்றேன்.

ஊரப்பாக்கத்துப் பெண் தன் டெமோவை ஏற்கெனவே முடித்திருந்தார். அழகான ஸ்லைடுகள், சுத்தமான உச்சரிப்பு. புரோகிராம் எதையும் ஓட்டவில்லை. தாளாளருக்குத் திருப்தி. அடுத்து கஸ்தூரி எழுந்து பிள்ளைகள் முன்னால் நின்றார்.  

"எலெக்ட்ரிக் ட்ரெயின் பார்க்காதவங்க யாராச்சும் இருக்கீங்களா?"

தாம்பரத்துப் பிள்ளைகளிடம் கேட்கிற கேள்வியா? எல்லோரும் சிரித்தார்கள். "எங்க வீட்டுக்குப் பின்னாடியே போகுது மிஸ்!" என்று ஒரு குரல்.

"அப்ப சொல்லு, ஒரு பெட்டிக்கு எத்தனை ஜன்னல்?"

எட்டு, பத்து, பன்னிரண்டு என்று சண்டை வந்துவிட்டது. அவர் சண்டையை நிறுத்தவில்லை, கொஞ்சம் வளர விட்டார். பிறகு, "எத்தனையா வேணா இருக்கட்டும். நமக்கு ஒரு ஜன்னல் வரையத் தெரிஞ்சா போதும். மீதிய எத்தனை வாட்டி போடணும்னு ஆமைகிட்ட சொல்லிட்டா அதுவே போட்டுக்கும். பாருங்க" என்று ஓட்டும் பொத்தானை அழுத்தினார்.

பெரிய திரையில் ரயில் வரவில்லை. பிழை என்று சொல்லும் சிவப்பு எழுத்துகள் ஐந்தாறு வரி வந்தன.

இன்னொரு தடவை அழுத்தினார். அதே சிவப்பு. பின்னால் நாற்காலியில் இருந்த தாளாளர் என்னைப் பார்த்தார். என் அறை, என் கணினிகள், தாளாளர் முன்னால் ஓடவில்லை என்றால் யாருக்கு அவமானம்? எழுந்து போய் மவுசை வாங்கினேன். திரையில் புரோகிராமை மூடித் திறந்தேன். பக்கத்துக் கணினியில் அதே ஃபோல்டரைத் திறந்து ஓட்டிப் பார்த்தேன். அங்கேயும் சிவப்பு.

கஸ்தூரி திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். படித்துக்கொண்டிருந்தார் என்று இப்போது சொல்வேன். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"மேடம், இந்த ஃபைல வேற எடத்துல வெச்சி ஓட்டிப் பார்க்கலாமா?"

"எடத்துல என்னம்மா இருக்கு? கோட்ல தப்பு இருக்கும். அதப் பாருங்க."

இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். தாளாளருக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னேன். தப்பு கணினி அறையுடையது இல்லை, வந்தவருடையது என்று அவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா? முப்பத்தைந்து பிள்ளைகளுக்கும் கேட்டது.

நெருக்கடி வந்தால் புத்தி எங்கே ஓடுகிறது என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். சிவப்பு எழுத்தைப் படி, அதிலேயே பதில் இருக்கிறது என்று பிள்ளைகளைத் தினமும் திட்டுகிறவள் நான். அன்று ஒரு வரிகூடப் படிக்கவில்லை. படிக்கத் தேவையில்லை என்று மனதுக்குள் முடிவாகிவிட்டது. பிரவுசிங் சென்டர், தபால் வழிப் படிப்பு, "இன்னா". இந்த ஆள் எழுதியதில் தப்பு இல்லாமலா இருக்கும்? ஊரப்பாக்கத்துப் பெண்ணின் புரோகிராம் நின்றிருந்தால் நான் முதலில் ஃபோல்டரைத்தான் பார்த்திருப்பேன். இதை எனக்கு நானே ஒப்புக்கொள்ள ரொம்ப நாள் ஆனது.

கஸ்தூரி பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"சரி. கம்ப்யூட்டர் கோச்சிக்கிச்சு. நாமளே ஆமையா போலாம். யார் வர்றீங்க?"

ஜெனி என்ற பெண் ஓடிவந்தாள். கஸ்தூரி அவள் கையில் சாக்பீஸைக் கொடுத்து, குனிந்து தரையில் கோடு போட்டுக்கொண்டே நடக்கச் சொன்னார். நாலு அடி, திரும்பு, நாலு அடி, திரும்பு. சதுரம் வந்தது. அடுத்தது முக்கோணம்.

"முக்கோணத்துல ஒரு மூலை எவ்ளோ டிகிரி?"

"அறுபது மிஸ்!" என்று வகுப்பே கத்தியது.

"அப்ப ஜெனி, நாலு அடி நட. அறுபது திரும்பு. நட."

ஜெனி நடந்தாள். இன்னொரு அறுபது திரும்பி நடந்தவள் நேராகப் போய் அலமாரியில் முட்டிக்கொண்டு நின்றாள். முக்கோணம் மூடவே இல்லை. வகுப்பு முழுக்கச் சிரிப்பு. பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"சிரிக்காதீங்க, ஏன்னு சொல்லுங்க. ஜெனி, மொதல் மூலைக்குத் திரும்பி வா. நீ மொதல்ல நடந்து போயிட்டிருந்த பக்கமே கைய நேரா நீட்டு. இப்ப கைய அப்படியே விட்டுட்டு, உடம்ப மட்டும் முக்கோணம் போற பக்கம் திருப்பு. கைக்கும் மூஞ்சிக்கும் நடுவுல எவ்ளோ?"

நாலைந்து பேர் தாங்களும் கையை நீட்டித் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "நூத்தியிருபது மிஸ்! உள்ள இருக்கறது அறுபது, நாம திரும்பறது வெளிய!" என்றான்.

நீங்கள் எல்லோரும் இந்த இடத்தில் சறுக்கியிருப்பீர்கள், நானும் சறுக்கியிருக்கிறேன். ஆமை திரும்புவது உள்கோணம் இல்லை, வெளிக்கோணம். நான் இதைப் பலகையில் படம் போட்டு இரண்டு வகுப்பு எடுத்துச் சொல்வேன், அப்படியும் பாதிப் பேருக்குப் புரியாது. கஸ்தூரிக்கு நான்கு நிமிடம் ஆனது. எனக்கு அது அப்போதே தெரிந்தது. ஆனால் என் கையில் இருந்த மதிப்பெண் தாளில் அதற்கு ஒரு கட்டம் இல்லை. பாட அறிவு என்று ஒரு கட்டம் இருந்தது. பத்துக்கு மூன்று போட்டேன். குறிப்பு என்ற இடத்தில், "புரோகிராம் ஓடவில்லை. தயாரிப்பு போதாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தாளாளர் சத்தத்தைப் பொறுக்க முடியாமல் எழுந்தார். "போதும்மா. தேங்க்ஸ்." கஸ்தூரி, "இன்னும் ட்ரெயின் போடல சார்" என்றார். "பரவாயில்ல" என்றார் அவர். கஸ்தூரி பென்டிரைவை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, "வர்றேன் மேடம்" என்று போய்விட்டார். என் தாளைத் தாளாளர் படித்தார். ஊரப்பாக்கத்துப் பெண்ணை அலுவலகத்திலேயே உட்கார வைத்திருந்ததால், மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே நியமனக் கடிதத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்பதாம் வகுப்பு வந்தது. ஆமையை வைத்து எழுதிய மாதிரி புரோகிராம் ஒன்றை என் ஃபோல்டரில் வைத்திருந்தேன், அதைத் திறந்து ஓட்டச் சொன்னேன். பதினைந்து கணினியிலும் சிவப்பு.

"என்னடா பண்ணித் தொலைச்சீங்க?" என்று கத்தினேன்.

முன் வரிசையில் ஒருவன் திரையில் விரலை வைத்துப் படித்தான். "மிஸ், turtle.py-ன்னு ஒரு ஃபைல் பேர் வருது மிஸ். உங்க ஃபோல்டர்லதான் இருக்கு. யாரு வெச்சது?"

யார் வைக்க முடியும்? திறந்து பார்த்தேன். முதல் வரியில் என் கைவரிசை: எட்டாம் வகுப்பு, முதல் பாடம். முந்தைய நாள் மாலை, எட்டாம் வகுப்புக்காகப் புதிதாக ஒரு பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். சேமிக்கும்போது பெயர் கேட்டது. தலைக்குள் ஆமைதான் ஓடிக்கொண்டிருந்தது, கை தானாக turtle என்று அடித்தது. ஓட்டிப் பார்த்திருந்தால் அப்போதே சிவப்பு வந்திருக்கும். அதற்குள் பிள்ளைகளை வேனில் ஏற்றிவிடும் டியூட்டிக்குக் கூப்பிட்டார்கள், மூடிவிட்டு ஓடினேன். பலகையின் மூலையில் சிவப்பு மார்க்கரில் நான் எழுதியது என் தலைக்கு மேலேயே இருந்தது.

பெயரை மாற்றினேன். ஐந்து விநாடி வேலை. ஒன்பதாம் வகுப்பின் பதினைந்து கணினியும் ஓடின. பிறகு கஸ்தூரியின் புரோகிராமைத் திறந்தேன். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் தமிழில் சின்னக் குறிப்பு எழுதியிருந்தார்: இது ஜன்னல், இது கதவு, இங்கே பேனாவைத் தூக்கு. ஓட்டினேன். ரயில் பெட்டி வந்தது, ஜன்னல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒரு வரிகூடத் தப்பில்லை. படம் முடிந்ததும் திரை தானாக மூடிக்கொள்ளாமல் நிறுத்தி வைக்கும் அந்தக் கடைசி வரி இருக்கிறதே, நம்மில் பலர் விட்டுவிடுவது, அதையும் எழுதியிருந்தார்.

"என்ன ஆச்சு மிஸ்?" என்று அந்தப் பையன் கேட்டான். "சர்வர்ல ஏதோ பிரச்சனை. சரியாயிடுச்சு" என்றேன்.

ஆமாம், பொய்தான் சொன்னேன். மணி அடிக்கும்வரை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். யாருக்கும் தெரியாது. கஸ்தூரி பஸ் ஏறிப் போயிருப்பார். கடிதம் கொடுத்தாகிவிட்டது. இன்னும் ஒரு வருடத்தில் சால்வை போட்டு அனுப்பப் போகிறார்கள், இப்போது போய்த் தாளாளரிடம் எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்கிற தப்பைச் செய்தேன் என்று சொல்வதா? இப்படியெல்லாம் ஓடியது. என்னை எழுப்பியது பெரிய நேர்மை ஒன்றும் இல்லை. "எடத்துல என்னம்மா இருக்கு?" என்று நான் கேட்டது காதிலேயே நின்றுகொண்டிருந்தது, உட்கார முடியவில்லை.

தாளாளர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கோபப்படவில்லை.

"மிஸ், நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா அந்த ஊரப்பாக்கம் பொண்ணு என்ன தப்பு பண்ணிச்சு? லெட்டரைக் கையில குடுத்துட்டு நாளைக்கு எப்படித் திருப்பிக் கேக்கறது?"

அவர் சொன்னது நியாயம். இரண்டு மணி நேரம் முன்னால் இதே விஷயம் தெரிந்திருந்தால் முடிவு வேறு மாதிரி போயிருக்கலாம். அந்தப் பெண் பிறகு நல்ல ஆசிரியையாகவே வந்தார், அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அடுத்த காலியிடம் வந்தால் கஸ்தூரியைக் கூப்பிடலாம் என்று தாளாளர் சொன்னார். நான் இருந்தவரை காலியிடம் வரவில்லை.

அன்று மாலை கஸ்தூரிக்கு போன் செய்தேன். பின்னால் மீன் விலை பேசும் சத்தம் கேட்டது. அம்மாவுக்கு உதவியாகக் கடையில் இருந்தார் போலிருக்கிறது. நடந்ததைச் சொன்னேன்.

"தெரியும் மேடம்" என்றார்.

"தெரியுமா?"

"செவப்புலியே போட்ருந்துச்சே. உங்க ஃபோல்டர்ல அந்தப் பேர்ல ஒரு ஃபைலு கீதுன்னு. அதான் வேற எடத்துல வெச்சிப் பாக்கலாமான்னு கேட்டேன்."

"நேரா சொல்லியிருக்கலாமேம்மா."

யாருக்கோ மீன் விலை சொல்லிவிட்டு மறுபடி பேசினார்.

"எப்டி மேடம் சொல்றது? மார்க் போடறவங்க நீங்க. அத்தினி பசங்க, அந்த சார், எல்லார் எதிர்லயும் தப்பு உங்களுதுன்னு சொன்னா எனக்கு வேலை குடுப்பீங்களா? சொன்னாலும் போச்சு, சொல்லலன்னாலும் போச்சு."

இல்லை, கொடுத்திருப்பேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கொடுத்திருக்க மாட்டேன். அதிகப்பிரசங்கி என்று குறிப்பில் எழுதியிருப்பேன். நீங்கள் நாளைக்கு யாருக்காவது மதிப்பெண் போடும் நாற்காலியில் உட்காருவீர்கள். எதிரில் நிற்பவர் உங்கள் தப்பைக் கண்டுபிடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்கக்கூடும். அவர் மரியாதையாக ஏதாவது ஒன்றைக் கேட்டால், அதை ஒரு நிமிடம் செய்து பாருங்கள். ஃபைலை வேறு இடத்தில் வைத்து ஓட்ட எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

நடந்தது என் தவறு என்று கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், வேறு பள்ளியில் காட்டுங்கள் என்றேன்.

"அத வெச்சி இன்னா பண்றது மேடம்? போன எடத்துல ஏதோ பேஜாராக்கினு வந்துக்கீது இந்தம்மான்னு தான் நெனப்பாங்க. லெட்டர்லாம் வேணாம்." பிறகு, "ஒண்ணு கேக்கட்டா? அந்தப் பசங்களுக்கு ட்ரெயின் போட்டுக் காட்டாமலே வந்துட்டேன். ஒரு கிளாஸ் குடுங்க. முடிச்சிட்டு வந்துடறேன்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை அரைநாள் பள்ளி. என் வகுப்பை அவருக்குக் கொடுத்தேன். அன்றைக்கு அவருக்கு வேறு வேலை எதுவும் கிடைத்திருக்கவில்லை. பிரவுசிங் சென்டருக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. அடுத்த வருடம் வேறொரு பள்ளியில் அவராகவே தேடி வேலை வாங்கிக்கொண்டார், அதில் என் பங்கு ஒன்றும் இல்லை. அவருடைய பெண் எங்கள் பள்ளியில் படிக்கவில்லை.

அவர் ஆரம்பிப்பதற்கு முன்னால் நான் எழுந்து நின்றேன். அன்றைக்கு இந்த மிஸ்ஸின் புரோகிராமில் தப்பில்லை, என் ஃபோல்டரில் நானே turtle என்று ஒரு ஃபைல் வைத்திருந்தேன், அதனால்தான் ஓடவில்லை, தப்பை இவங்க மேல் போட்டேன் என்று சொன்னேன். பிறகு ஒருவன், "நீங்களே போர்டுல எழுதியிருக்கீங்களே மிஸ்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கஸ்தூரி பொத்தானை அழுத்தினார். பெட்டி விழுந்தது. ஜன்னல்கள் வர வரப் பிள்ளைகள் சேர்ந்து எண்ணினார்கள். எட்டா, பத்தா, பன்னிரண்டா என்ற பழைய சண்டை மறுபடி வந்தது. அவர் ஒரே ஓர் எண்ணை மாற்றி, மூன்று விதமாகவும் ஓட்டிக் காட்டினார். வகுப்பு இரண்டுபட்டது. கணக்கு மிஸ் வந்து எட்டிப் பார்க்கவில்லை, உள்ளேயே வந்து நின்றுகொண்டார்.

ஜெனி கை தூக்கினாள். "மிஸ், திங்கக்கெழம நீங்கதான் வருவீங்களா?"

கஸ்தூரி என்னைப் பார்த்தார். நான்தானே சொல்ல வேண்டும்?

"வர மாட்டாங்கம்மா" என்றேன்.

"ஏன் மிஸ்?"

"அவங்களுக்கு வரவேண்டிய வேலை. என்னாலதான் போயிடுச்சு."

ஜெனி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அடுத்து என்ன கேட்பாளோ என்று காத்திருந்தேன். அதற்குள் கஸ்தூரி சாக்பீஸை எடுத்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டார்.

"இன்னும் பத்து நிமிசம் கீது. ட்ரெயினுக்கு சக்கரம் யாரு போடறீங்க?"

பதினைந்து கைகள் மேலே போயின.